ஏழாவது வெங்கடம்மாவின் பேச்சு

என் தம்பி ஆசிர், ஒருவர் பேசுவதைக் கேட்டே அவர் எந்த ஊர் என்று சொல்லிவிடுவான். மாவட்டத்தை அல்ல, தாலுகாவை. சில சமயம் ஆற்றுக்கு இந்தக் கரையா அந்தக் கரையா என்பது வரைக்கும் போவான். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் தவறில்லை. எங்கள் வீட்டில் பெருமைப்பட வேறு அதிகம் இருந்ததில்லை. நான் எட்டாவது வரை படித்தவள், சித்தூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். அவன் பத்தாவதைத் தாண்டவில்லை.

இது படித்து வந்த வித்தை இல்லை. பதினெட்டு வயதில் திருப்பதி ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் சேர்ந்தான். பதினான்கு வருடம் அங்கே ரிஜிஸ்டர் அவன் கையில்தான் இருந்தது. அறை கேட்டு வருபவர்கள் முதலில் வாயைத் திறப்பார்கள், பிறகுதான் விலாசம் எழுதுவார்கள். நடுவில் கிடைக்கும் அரை நிமிடத்தில் அவன் மனதுக்குள் ஓர் ஊரை முடிவு செய்துவிடுவான். அவர்கள் எழுதி முடித்ததும் விலாசத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்வான். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது பேர். பதினான்கு வருடம் இப்படிக் கேட்டால் யாருக்கும் வரும் என்பான். எனக்கு வந்திருக்காது.

ஒருமுறை ஒரு கனவான் மனைவியோடு வந்து சென்னை விலாசம் எழுதினாராம். இவன் சும்மா இருக்காமல், "சார் பேச்சு மணப்பாறை மாதிரி கீது, மேடம் பேச்சு பொள்ளாச்சி மாதிரி கீது. நடுவுல மெட்ராஸ் எங்க சார் வந்திச்சி?" என்று கேட்டிருக்கிறான். அரை மணி நேரத்தில் அவர்கள் அறையைக் காலி செய்துவிட்டார்கள். முதலாளி இவனைத் திட்டினார். அன்று முதல் மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொள்ளப் பழகினான்.

2015இல் ரேணிகுண்டா சாலையில் ஓர் இல்லத்துக்கு வேலை மாறினான். மலைக்கு வந்த இடத்தில் கூட்டத்தில் தவறிப்போனவர்கள், நினைவு தப்பியவர்கள், வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போகப்பட்டவர்கள் அங்கே இருப்பார்கள். பெயர் சொல்லத் தெரியாத பெண்கள் எல்லாருக்கும் அங்கே வெங்கடம்மா என்று பெயர் வைப்பார்கள். வெங்கடம்மா ஒன்று, வெங்கடம்மா இரண்டு என்று எண் போகும். ஊர் தெரிந்து ஒருவர் போய்விட்டால் அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள்.

ஆசிரின் வேலை சோறு கொடுப்பது, படுக்கை மாற்றுவது. ஆனால் அவன் வேலையில் சேர்ந்த பிறகு அந்த இல்லத்திலிருந்து வீடு திரும்பியவர்கள் முப்பத்தொரு பேர். அவர்களுடைய ஊரும் தேதியும் என் டைரியில் இருக்கின்றன. அவன் யாரிடமும் ஊர் கேட்க மாட்டான். "ஊரு பேரக் கேட்டா பயந்துடுவாங்கக்கா. பக்கத்துல குந்திக்கினு நாமளே பேசிக்கினு இருக்கணும். அவங்க வாயி தானா வரும்" என்பான். வேர்க்கடலை உரித்துக்கொண்டே எங்கள் வீட்டுக் கதை, சபைக் கதை எல்லாம் பேசுவான். அவர்கள் பேச ஆரம்பித்ததும் போனில் பதிவு செய்து, திரும்பத் திரும்பக் கேட்பான். பிறகு கோப்பில் ஒரு வரி எழுதுவான். "பேச்சு: திண்டிவனம் பக்கம்." "பேச்சு: கோபி." அந்த வரியை வைத்து இல்லத்து ஆபீசில் உள்ள பிரியங்கா என்ற பெண் அந்தந்த ஊர்ப் போலீஸுக்குப் போன் செய்வாள்.

ஏழாவது வெங்கடம்மா 2022 நவம்பர் ஒன்பதாம் தேதி வந்தார். பஸ் நிலையத்தில் விழுந்து கிடந்தவரைக் கொண்டுவந்தார்கள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மலையில் முடி கொடுத்த மொட்டைத் தலை, அதில் சந்தனம் காய்ந்திருந்தது. மூளையில் ரத்தம் அடைத்துப் பேச்சு போயிருந்தது. இரண்டு மாதம் ஒரு வார்த்தை இல்லை. ஆசிர் மூன்று வேளையும் ஊட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தான். ஜனவரி நடுவில் அந்த அம்மா வாயைத் திறந்தார்.

அன்றே எனக்குப் போன் செய்தான். "அக்கா, நம்ம ஊரு பேச்சுக்கா! நம்ம சித்தூரு பார்டர். கண்ண மூடிக்கினு சொல்வேன். சோறு துன்னுட்டு ஸ்தோத்திரம்னு சொல்றாங்கக்கா. மொட்ட போட்ட அம்மா! நம்ம சபைக்காரங்க தெருவாண்ட இருந்தவங்களாத்தான் இருக்கணும்."

அவன் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டு வெகு நாளாகியிருந்தது. சந்தோஷத்துக்குக் கீழே ஓர் அவசரமும் இருந்தது. இல்லத்தில் இடம் குறைவு. ஊர் தெரியாதவர்களை மார்ச் 31ஆம் தேதி வேறு மாவட்டத்தில் ஒரு பெரிய விடுதிக்கு மாற்ற உத்தரவு வந்திருந்தது. அங்கே போனவர்கள் யாரும் வீடு திரும்பியதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. அதற்குள் அந்த அம்மாவின் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கோப்பில் "பேச்சு: சித்தூர் எல்லைப் பக்கம்" என்று எழுதினான். லீவு நாட்களில் விஜயபுரம் போனான், நகரி போனான். தெருத் தெருவாகப் பதிவைப் போட்டுக் காட்டினான். எல்லாரும் நம் பக்கத்துப் பேச்சு என்றார்கள். யாருக்கும் முகம் தெரியவில்லை. பெண்களிடம் பேசப் பெண் இருந்தால் நல்லது என்று, பிப்ரவரி ஐந்தாம் தேதி ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் என்னையும் பாலசமுத்திரத்துக்கு அழைத்துப்போனான். பஸ்ஸில்தான் அந்தப் பதிவை முதல்முதலாகக் கேட்டேன்.

"நைனா, சோறு துன்னியா? வெயில்ல அலஞ்சிகினு... இராத."

வாக்கியத்தின் கடைசி வார்த்தைக்கு முன்னால் பேச்சு நின்றது. வாயால் ஒரு மூச்சு உள்ளே போனது. பிறகு அந்த வார்த்தை, நிறைகுடத்தைத் தரையில் வைப்பது போல மெதுவாக இறங்கியது.

அது எங்கள் அம்மாவின் மூச்சு. அம்மாவுக்கு ஆஸ்துமா. எந்த வாக்கியத்தையும் ஒரே மூச்சில் முடிக்க முடியாது. 2011இல் இறந்து போனார். கடைசி நான்கு வருடம் ஆசிர்தான் வாரத்துக்கு மூன்று நாள் திருப்பதியிலிருந்து வந்து ஊட்டிவிட்டான். ஆஸ்துமா இல்லாத ஆசிருக்கும் அந்த மூச்சு ஒட்டிக்கொண்டது. அம்மா போன பிறகும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தான். அது அவனுக்குத் தெரியாது. ஊர் உலகத்தின் பேச்சையெல்லாம் பதிவு செய்கிறவன் தன் பேச்சை ஒருநாளும் பதிவு செய்திருக்கவில்லை.

எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. அந்த அம்மா எங்கள் ஊர் இல்லை. பேச்சு அற்றுப்போன வாயில் இவன் சோற்றோடு சேர்த்துத் தன் பேச்சையும் ஊட்டியிருக்கிறான். அவன் பேச்சுக்குள் இருந்தது எங்கள் அம்மா.

"இன்னாக்கா, நம்ம பேச்சுதான?" என்றான்.

"ஆமாண்டா" என்றேன்.

பாலசமுத்திரத்தில் டீக்கடையில் கங்கையா என்ற பெரியவர் பதிவைக் கேட்டுவிட்டு, "நீங்க ஆந்திரா போலீஸா, தமிழ்நாடு போலீஸா?" என்றார்.

"ரெண்டும் இல்ல பெரிப்பா. நான் தையல்காரி" என்றேன்.

"அப்டின்னா பொய் சொல்ல வாணாம். கொரலு நம்மூரு கொரலுதான். ஆனா இந்த அம்மாவ நான் பாத்ததில்ல. எங்கூர்ல யாரு செத்தா, யாரு பொறந்தா எல்லாம் எனக்குத் தெரியும்மா. ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. இந்த அம்மா உயிரோடதான கீது?"

ஆசிர் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இவ்வளவு வருடம் ஊரெல்லாம் மெச்சிய காதைப் பொய் என்று எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். உண்மையான காரணம் வேறு. அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் நான் திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். ஏழாவது வெங்கடம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். அந்த அம்மா பேசுவார். வெயில் என்பார், தண்ணி என்பார், எங்கள் பக்கத்துத் தாய்மார் மகனைச் சொல்வது போல, நைனா வந்துகினு கீறான் என்பார். பன்னிரண்டு வருடம் கழித்து எங்கள் வீடு பேசிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்தால் வேறு யாரோ. அதனால் திறக்காமலேயே இருந்தேன்.

பிப்ரவரி இருபத்தாறாம் தேதி, நான்காவது ஞாயிறு, நான் உட்கார்ந்திருந்தபோது அந்த அம்மா என் முழங்கையைத் தொட்டார்.

"எப்சி, இளைச்சிப்... போயிட்டியேடி."

என் பெயர் எப்சிபா. எப்சி என்று கூப்பிட்டது அம்மா மட்டும்தான். ஆசிர் பேச்சுவாக்கில் சொல்லியிருப்பான் என்று என் புத்திக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியவில்லை. எழுந்து வெளியே ஓடிவந்து, தண்ணீர்த் தொட்டியருகே நின்றுகொண்டு தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் கோபப்படவில்லை. போனை எடுத்துத் தானே நான்கு வரி பேசிப் பதிவு செய்தான். காதில் வைத்துக் கேட்டான். முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆயிற்று.

"அம்மா" என்றான்.

பிறகு, "எப்போ தெரியும் உனக்கு?" என்றான்.

"பாலசமுத்திரம் போன அன்னிக்கி."

மனதுக்குள் கணக்குப் போட்டான். "மூணு வாரம்க்கா."



நேராக ஆபீசுக்குப் போய், அந்த அம்மாவைக் கேட்டு யாராவது போன் செய்தார்களா என்று பிரியங்காவிடம் கேட்டான். அவள் நோட்டைப் புரட்டினாள். "அவுனண்ணா, ஒருத்தர் பண்ணாரு. பதினாறாம் தேதி. தமிழ்தான். ராமநாதபுரம் ஜில்லாவுல இருந்து வந்த அம்மா யாராச்சும் கீறாங்களான்னு கேட்டாரு. நான் ஃபைல் பாத்தேன். எல்லாம் நம்ம பக்கம், ஆர்க்காடு பக்கம்தான இருந்திச்சி. லேதுன்னு சொல்லிட்டேன்."

"நம்பரு?"

"எழுதலியே அண்ணா. நம்ம கேஸ் இல்லன்னு நெனச்சேன்."

அவள்மேல் தப்பு இல்லை. கோப்பில் எழுதியிருந்தது ஆசிரின் கையெழுத்து. அந்தக் கையெழுத்து பதினாறாம் தேதியும் மாறாமல் இருந்ததற்குக் காரணம் நான். போன் செய்தவர் இந்த அம்மாவைத்தான் தேடினாரா என்பதும் தெரியாது. ராமநாதபுரம் பெரிய ஜில்லா. எந்த ஸ்டேஷனைக் கேட்பது?

ஆசிர் அந்த அம்மாவின் பக்கமே போவதை நிறுத்தினான். தெலுங்கு மட்டும் தெரிந்த ஆயம்மாக்களை ஊட்டச் சொன்னான். தன் பேச்சு வடிந்தால் அடியில் அவர் பேச்சு மிஞ்சும் என்று நினைத்தான். மிஞ்சவில்லை. அந்த அம்மா பேசுவதையே விட்டுவிட்டார். வாசலைப் பார்த்தபடி இருப்பாராம். ஆசிர் ஜன்னலுக்கு வெளியே, அவர் கண்ணில் படாமல் நிற்பானாம். மார்ச் முதல் வாரமும் இப்படியே போயிற்று.

ஒன்பதாம் தேதி காலை, பக்கத்துக் கட்டிலில் இருந்த நான்காவது வெங்கடம்மா இறந்துபோனார். உடலைக் கூடத்தில் கிடத்தினார்கள். அழ ஆள் இல்லாத சாவு. அப்போது ஏழாவது வெங்கடம்மா தானாகவே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து தலைமாட்டில் உட்கார்ந்தார். மார்பில் அடித்துக்கொண்டார். பாடினார்.

"கரிசக் காட்டு வெயிலுல காலு பொசுங்க நடந்தியளே,
கம்மாத் தண்ணி வத்து முன்னே கண்ண மூடிப் போனியளே..."

ஆசிர் கதவுக்குப் பின்னால் அசையாமல் நின்றான். எங்கள் சபைகளில் ஒப்பாரி கிடையாது. மிஷன் துரைமார் காலத்திலேயே அதை விலக்கிவிட்டார்கள். எங்கள் அம்மா இறந்தபோதுகூட, தூரத்து உறவில் ஒருத்தி வாயைத் திறந்ததும் உபதேசியார் கையமர்த்திக் கீர்த்தனை ஆரம்பித்தார். ஆசிருக்கு ஒப்பாரியில் ஒரு வரி தெரியாது. அவன் ஊட்டியவற்றில் அது இல்லை. அதனால் அங்கே வந்தது முழுக்க அந்த அம்மாவுடையது.

காலை பதினொன்று நாற்பதுக்கு எனக்குப் போன் வந்தது. "அக்கா, கமுதி. இல்லன்னா முதுகுளத்தூர். அதத் தாண்டிப் போவாது."

ராமநாதபுரம் ஜில்லாவில் இருக்கும் கமுதிதான். அங்கே நவம்பரிலேயே புகார் இருந்தது. புகாரில் இருந்த படத்தில் அந்த அம்மாவுக்கு அள்ளி முடிந்த பெரிய கொண்டை. இங்கே இருந்த படத்தில் மொட்டை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மூக்கும் காதும் ஒத்துவரும். பெயர் பூமயில். பதினான்காம் தேதி மகன் வருவதாகத் தகவல் வந்தது. நான் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன்.

மகன் பெயர் வழிவிட்டான். நாற்பது வயதிருக்கும். மொட்டையடித்த தலையில் முடி கால் அங்குலம்தான் வளர்ந்திருந்தது. அந்த அம்மாவைப் பார்த்ததும் "ஆத்தா!" என்று காலைக் கட்டிக்கொண்டு அழுதார். அவர் தலையைத் தடவி அந்த அம்மா பேசினார்.

"நைனா, வந்துட்டியா? வெயில்ல அலஞ்சிகினு... இராத."

வழிவிட்டான் கையை எடுத்துவிட்டார். தரையிலேயே பின்னால் நகர்ந்தார். தாயின் முகத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"மொகம் எங்க ஆத்தாதான். பேசுறது யாரு?"

எழுந்து எங்கள் முன்னால் வந்து நின்றார்.

"சொல்லுங்க. எங்க ஆத்தா இப்புடிப் பேசாது. யாரு பேசுறது?"

"எங்க அம்மாங்க" என்றான் ஆசிர். "செத்துப் பன்னண்டு வருசம் ஆச்சி. என் தப்புங்க."

அவரை வெளியே வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னோம். நானும் என் பங்கைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார்.

"மாசி நாலாந் தேதி நாந்தேன் போன் போட்டேன். இல்லைன்னுட்டாக. அதுக்கு மேல எங்கிட்டுப் போயித் தேட? சொந்தக்காரக எல்லாம் உக்காந்து பேசி, மாசி இருவதுல கருமாதி முடிச்சுப்புட்டோம்." தன் தலையைத் தொட்டுக் காட்டினார். "இது அதுக்கு எடுத்ததுதேன். கருமாதி முடிஞ்ச பொம்பள, வேற ஒரு செத்த பொம்பள கொரல்ல பேசிக்கிட்டு ஊருக்குள்ள வந்தா, ஊரு என்னங்கும்? எம் பிள்ளைக பக்கத்துல போகுமா? எனக்கே பயமா இருக்கே, ஆத்தா."

ஆத்தா என்றது என்னை. மாசி இருபது என்றால் மார்ச் நான்கு. நான் பிப்ரவரி ஐந்தாம் தேதியே சொல்லியிருந்தால் பதினாறாம் தேதிப் போன் வீணாகியிருக்காது. கருமாதியும் நடந்திருக்காது. அதை அவர் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை.

இரண்டு மணி நேரம் அவர் மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். பையை இரண்டு முறை தோளில் மாட்டி இரண்டு முறையும் இறக்கி வைத்தார். ஆசிர் ஒரு தட்டில் சோறும் ரசமும் போட்டுக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தான்.

"நீங்களே போயி ஊட்டுங்க. வாய மூடாம பேசுங்க. வயலு, கம்மா, சொந்தக்காரங்க சண்ட, எதுவா இருந்தாலும் சரி. நான் ரெண்டு மாசம் பேசினேன், எம் பேச்சு வந்திச்சி. நீங்க பேசினா உங்க பேச்சு வரும்."

"வருமா?"

"தெரியலைங்க. வரும்னுதான் நெனைக்கிறேன்."

தட்டை வாங்கிக்கொண்டு அவர் உள்ளே போனார். பிறகு மெதுவாக, நடுங்கிக்கொண்டே, "இந்தா ஆத்தா, வாயத் தொற. நம்ம செவலக் கெடேரி கண்ணு போட்டுருச்சு..." என்று கேட்டது. ஆசிர் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு தூரமாகப் போய்விட்டான். நாங்கள் கேட்கக் கூடாத பேச்சு அது என்பது போல.

மாலை நான்கரைக்கு அவர்கள் கிளம்பினார்கள். ஆட்டோவில் ஏறுமுன் அந்த அம்மா திரும்பி நின்று ஆசிரைப் பார்த்தார்.

"நீ வரலியா... நைனா?"

ஆசிர் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டான். ஒரு சொல்கூட அவன் வாயிலிருந்து இனி அந்த அம்மாவுக்குப் போய்விடக் கூடாது. அந்த அம்மா அவனையே பார்த்தார். நான் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். ஆட்டோ போய்விட்டது.

வீட்டு வாசல் வழியாக விடாமல், கொல்லைப்புறமாக அழைத்துப்போய் மஞ்சள் தண்ணீர் ஊற்றிச் சேர்த்துக்கொண்டார்களாம். பேரப்பிள்ளைகள் ஒரு மாதம் கிட்டே வரவில்லையாம். வழிவிட்டான் போனில் சொன்னார். ஆடி மாதம் ஒருநாள் அவரே போனைத் தாயிடம் கொடுத்தார். "யாருத்தா பேசுறது? நல்லாருக்கியளா?" என்று ஒரே மூச்சில் ஒரு குரல் கேட்டது. கணீரென்று, எனக்கு முன்பின் தெரியாத குரல். நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டுக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினேன். எங்கள் அம்மா சாகும்போதுகூட நான் அப்படி அழவில்லை.

ஆசிர் அதே இல்லத்தில்தான் இருக்கிறான். புதிதாக வருபவர்களிடம் இப்போது பேசுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரிக்கிறான், அவ்வளவுதான். அவர்கள் தாமாக வாய் திறக்கும்வரை காத்திருக்கிறான். இரண்டு மடங்கு நாளாகிறது. அப்படியும் ஆறு பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறான். ஒருவருடைய வீட்டைக்கூடத் தவறான ஊரில் தேடவில்லை.

ஆனால் அவன் தன் பேச்சை மாற்றிக்கொண்டான். இனி யாருக்கும் தன்னிடமிருந்து எதுவும் ஒட்டக் கூடாது என்று தொலைக்காட்சிச் செய்தியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகத் திருப்பிச் சொல்லிப் பழகினான். லாட்ஜில் ரிஜிஸ்டரைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்ட அதே கவனத்தோடு இதையும் செய்தான். போன வாரம் பஸ்ஸில் ஒருத்தி அவனிடம், "நீங்க எந்த ஊருங்க? பேச்சுலர்ந்து ஒண்ணுமே தெரியலையே?" என்று கேட்டிருக்கிறாள். என்னிடம் அதைச் சொன்னபோது அவன் குரலில் கொஞ்சம் திருப்திகூட இருந்தது.

என்னிடமும் அப்படித்தான் பேசுகிறான், ஒரே மூச்சில்.

"சாப்பிட்டாயா, அக்கா?" என்று கேட்கிறான்.

"சாப்ட்டேன்டா" என்கிறேன்.

"சரி, அக்கா. வைக்கிறேன்" என்கிறான்.